வார்டுக்கு ஒரு குளோரின் கிட்: தேவையா, வெட்டி வேலையா?

செக்காலைவாசி
காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை சட்டத்தில் இருக்கிறது; 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் தமிழ்நாட்டு நகரங்களில் முதன்முதலாகக் கூடியது. அங்கே தெருவிளக்கும் குப்பையும் பேசி முடிவதற்குள் டீ வந்துவிடுகிறது. ஐப்பசி மழைக்கு முன் சபையில் வைக்க ஒரு யோசனை: வார்டுக்கு ஐந்து பேர், ஒரு டிபிடி கிட் (மாத்திரை போட்டு, வரும் நிறத்தை வைத்துக் குளோரினை அளப்பது). தண்ணீர் விடும் நாளில் டேங்கிலிருந்து ஆகத் தொலைவில் உள்ள வீட்டுக் குழாயில் எஞ்சிய குளோரினை, அதாவது கிருமியைக் கொன்றது போகத் தண்ணீரில் மிஞ்சியதை, பார்த்து, அந்த எண்ணைத் தெருமுனைப் பலகையில் எழுதுவது. அதே ஐந்து பேர் மழைநீர் வாய்க்காலில் எத்தனை அங்குலம் மண் நிற்கிறது என்று கம்பி விட்டு அளப்பது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 சொல்வது குறைந்தபட்சம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின். அதை டேங்கடியில் பார்த்துப் பயனில்லை, கடைசி வீட்டில் பார்க்க வேண்டும்.

டேங்க்மேடு
படிக்க அழகாக இருக்கிறது தம்பி. நடைமுறையில் வாட்ஸ்அப் பீதியில் போய் முடியும். பாதி வீட்டில் குழாய்த் தண்ணீர் நேராகச் சம்ப்பில் விழுகிறது. மூன்று வருஷமாகக் கழுவாத சம்ப்பிலிருந்து பிடித்துவிட்டு ‘நகராட்சித் தண்ணீரில் குளோரின் இல்லை’ என்று படம் போடுவார்கள். கையில் டிடிஎஸ் மீட்டர் வைத்திருப்பவர் அடுத்த ரகம். அது கரைந்த உப்பைக் காட்டும், கிருமியைக் காட்டாது. 300 காட்டும் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கலாம், 900 காட்டும் தண்ணீர் கிருமியில்லாமல் இருக்கலாம். பிறகு ஆர்.ஓ. விற்பவர் வந்து இரண்டு கம்பியை விட்டு மின்சாரம் பாய்ச்சிப் பழுப்புக் கசடு காட்டுவார். கசடு வருவது அவர் கம்பியின் இரும்பிலிருந்து. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற ஊரிலேயே இந்த வித்தை எடுபடுகிறது என்றால் என்ன சொல்ல!

சோதனையைக் குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்திடம் விடுங்கள்.

சம்பைப்பிரியன்
நம்ம ஊருக்கு வரும் சம்பை ஊற்றுத் தண்ணீருக்கு எதற்கப்பா குளோரின்? தமிழ்நாட்டிலேயே ருசியான தண்ணீர் என்று பேர் வாங்கினது. பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் கெடுக்காதீர்கள். நம்ம பெருமையை நாமே குழி தோண்டிப் புதைக்கிற வேலை இது.

செக்காலைவாசி
சம்பை அண்ணே, ஊற்றில் குறை சொல்லவில்லை. ஊற்றிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் வழியைச் சொல்கிறேன். நம் ஊரில் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும். வால்வை மூடியதும் குழாய் காலியாகி உள்ளே அழுத்தம் இறங்கும். அந்த நேரத்தில் யாராவது இணைப்பில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால், விரிசல் விட்ட ஜாயின்ட் வழியாக வெளியே தேங்கியது உள்ளே வரும். பல தெருக்களில் வீட்டு இணைப்பு அரை அங்குலக் குழாய் வாய்க்காலுக்குள்ளேயே குறுக்காகப் போகிறது. வாய்க்கால் நிறைந்தால் குழாய் சாக்கடையில் முழுகிக் கிடக்கும். ஏர் வால்வுக் குழியில் மழைநீர் நின்றாலும் இதே கதி. குளோரின் ஊற்றுக்காக இல்லை, இந்தக் கடைசி நூறு அடிக்காக.

டேங்க்மேடு அண்ணே, சம்ப் சிக்கலுக்கு விதி எழுதினால் போதும். சம்ப்புக்கு முன்னால் உள்ள நேர்க் குழாய் மட்டும். அப்படிக் குழாய் இல்லாத வீடு பட்டியலிலேயே வேண்டாம்.

டேங்க்மேடு
கிட்டிலும் வித்தியாசம் உண்டு. கடையில் மலிவாகக் கிடைப்பது ஓ.டி. (ஆர்த்தோடொலிடின்) கரைசல், மஞ்சள் நிறம் காட்டுவது. எதோடும் சேராத தனிக்குளோரின் இருந்தால் மஞ்சள் உடனே வரும். சாக்கடை அம்மோனியாவோடு சேர்ந்த குளோரின் மெதுவாக, சில நிமிஷத்தில் மஞ்சளாக்கும். ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்து ‘0.5 இருக்கிறது’ என்று பலகையில் எழுதுவார்கள். உண்மையில் அது கழிவுநீர் கலந்ததன் அடையாளமாக இருக்கலாம். மேலும் ஓ.டி. உடம்புக்குக் கெடுதலான ரசாயனம், சோதித்த தண்ணீரைச் சமையல்கட்டுத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

செக்காலைவாசி
அதனால்தான் டிபிடி என்று முதலிலேயே எழுதினேன். ஒன்றாம் எண் மாத்திரை, தனிக்குளோரினை மட்டும் இளஞ்சிவப்பில் காட்டும். மாத்திரையை விரலால் தொடாமல் உறையிலிருந்து நேராகக் குப்பியில் போட்டு, கரைந்ததும் ஒரு நிமிஷத்துக்குள் நிறத்தை ஒப்பிட வேண்டும்.

ஆனால் நான் கேட்பது ஒரு எண் இல்லை, இரண்டு. தண்ணீர் வந்த முதல் நிமிஷத்தில் ஒன்று, பத்தாவது நிமிஷத்தில் ஒன்று. முதல் மாதிரியில் பூஜ்யமும் கலங்கலும், பத்தாவதில் 0.3 என்றால் டேங்க் ஆபரேட்டர் மேல் தப்பில்லை, தெருக்குழாயில் ஓட்டை. அந்தத் தெருவில் வாய்க்காலைக் கடக்கும் இணைப்புகளைத் தோண்டிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் பூஜ்யம், டேங்கடியிலும் பூஜ்யம் என்றால் பவுடர் போடவில்லை, அல்லது போட்ட பவுடரில் குளோரின் சத்து இல்லை. டேங்கடியில் 0.8, தெருக்கோடியில் மட்டும் கடைசி வரை பூஜ்யம் என்றால் நடுவில் எதுவோ குளோரினைத் தின்கிறது. ஆய்வக அறிக்கை ‘தகுதியற்றது’ என்று ஒரு வரியில் முடித்துவிடும். எங்கே தோண்ட வேண்டும் என்று அது சொல்லாது.

டேங்க்மேடு
இரண்டு மாதிரி நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் பலகையில் எழுதுவதற்கு முன் பவுடர் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆபரேட்டரை அநியாயமாக அடிப்பீர்கள்.

2 லட்சம் லிட்டர் டேங்க், லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் 400 கிராம் குளோரின் வேண்டும். பவுடரில் 25 சதவீதம் சத்து என்று வைத்தால் 1.6 கிலோ. மூட்டையைப் பிரித்து வெக்கையும் ஈரமும் உள்ள பம்ப் ரூமில் போட்டால் சத்து பறந்துவிடும். 15 சதவீதத்துக்கு இறங்கிய பவுடரில் அதே 1.6 கிலோ கொடுப்பது 240 கிராம், அதாவது 1.2 மில்லிகிராம்தான். ஆபரேட்டர் சொன்னபடிதான் போட்டார், தண்ணீரில் பாதிக்கு மேல்தான் சேர்ந்தது. பவுடரை அப்படியே கொட்டவும் கூடாது: பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிவை மட்டும் டேங்க் நிரம்பும்போதே ஊற்ற வேண்டும், அப்போதுதான் கலக்கும். அதன் பிறகு வால்வைத் திறக்க அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஐந்தரைக்கே போன் போடுகிற நாம்தான் அந்த அரை மணியைத் தின்கிறோம்.

செக்காலைவாசி
இந்தக் கணக்கே மேற்பார்வைக்கு நல்ல ஆயுதம் அண்ணே. தினம் ஒரு நிரப்பு என்றால் மாதம் 48 கிலோ, 25 கிலோ மூட்டை இரண்டு. அந்த டேங்குக்கு இருப்புப் பதிவேட்டில் மாதம் ஒரே மூட்டைதான் வெளியே போயிருந்தால் கிட்டே வேண்டாம், காகிதமே பேசும். தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் பதிவேட்டைப் பார்வையிடவும் நகலெடுக்கவும் உரிமை உண்டு. 2(ஜெ) பிரிவு பொருள்களின் சான்றிட்ட மாதிரி எடுப்பதையும் சேர்த்திருக்கிறது. பதில் வர 30 நாள் வரை ஆகும் என்பதால் தண்ணீருக்கு உதவாது, மூட்டைக் கணக்குக்கு உதவும்.

சம்பைப்பிரியன்
அப்போ தினம் கிட் வேண்டாம்தானே?

செக்காலைவாசி
வேண்டும் அண்ணே. பதிவேடு போன மாதத்தைச் சொல்லும், கிட் இன்றைக்கு வந்த தண்ணீரைச் சொல்லும்.

பள்ளத்தூர் ஆச்சி
குழாயைப் பற்றியே பேசுகிறீர்கள், வாய்க்காலை யாரும் தொடக் காணோம். குழாய்க்குள் போகிற அழுக்கு அங்கேதானே நிற்கிறது.

செட்டிநாட்டு ஊர்களை அமைத்தவர்கள் தண்ணீருக்கு வழி வைத்துத்தான் தெருப் போட்டார்கள். கூரைத் தண்ணீர் முற்றத்தில் இறங்கி, வாய்க்கால் வழியாக வெளியேறி, ஊருணிக்குப் போகும். இப்போது புதுச் சாலையைப் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போடுகிறார்கள். சாலை உயர்ந்து, வாய்க்கால் ஓரத் துளைகள் தாரால் அடைபடுகின்றன. உயரத் திண்ணை வைத்த பெரிய வீடு தப்பிக்கும், எதிரே ஓட்டு வீட்டுக்காரர் சட்டிபானையை எடுத்து மேலே வைப்பார்.

அளவு சொல்கிறேன். 10 ஹெக்டேர் குடியிருப்பு, மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை, ஓட்டக் கெழு, அதாவது மழையில் மண்ணில் இறங்காமல் ஓடிவரும் பங்கு, 0.7. வரும் நீர் விநாடிக்கு 0.97 கனமீட்டர். ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழக் கான்கிரீட் வாய்க்கால், சரிவு 500-க்கு 1. சுத்தமாக இருந்தால் விநாடிக்கு 1.4 கனமீட்டர் தாங்கும். பாதி மண் அடைத்தால் பாதியாகக் குறையும் என்று நினைப்பீர்கள். இல்லை, 0.6-க்கு இறங்கிவிடும், வேகமும் சேர்ந்து குறைவதால். ஆக, அரை மீட்டர் மண் அள்ளாததுதான் தெரு முழுகக் காரணம்.

டேங்க்மேடு
ஆச்சி சொல்கிற கணக்கு சரி. ஆனால் தூர்வாரிய மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவதை யார் தடுப்பது? அடுத்த மழை அதைத் திருப்பி உள்ளே தள்ளும், பில் மட்டும் முழுசாகப் பாஸாகும்.

பள்ளத்தூர் ஆச்சி
அதற்குத்தான் தம்பி கம்பி. வேலை தொடங்குமுன் 30 மீட்டருக்கு ஓர் இடம் பெயின்ட் குறி போட்டு மண் ஆழம் அளந்து, பொறியாளர் கையெழுத்தோடு எம்-புக்கில் (வேலை அளவுப் பதிவேடு) ஏற்றச் சொல்லுங்கள். முடிந்தபின் அதே குறியில் அளவு. நீர் வடிய ஒரு நாள், அதற்குள் லாரியில் ஏற்றியாக வேண்டும். புரட்டாசிக்குள் முடிக்க வேண்டும், தீபாவளி நெருக்கத்தில் டெண்டர் விட்டால் மழையோடுதான் மல்லுக்கட்டணும். செப்டிக் டேங்க் கழிவு கலக்கிற வாய்க்காலில் ஆளை இறக்கவே கூடாது, மனிதக் கழிவை மனிதர் அள்ளத் தடை விதிக்கும் 2013 சட்டம் தெளிவாக இருக்கிறது. இயந்திரம்தான்.

அள்ளிய வாய்க்காலைப் பழையபடி ஊருணிக்குத் திருப்ப வேண்டும் என்பது என் கட்சி.

டேங்க்மேடு
இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. வாய்க்காலில் மழை வருஷத்தில் சில நாள்தான் ஓடும், வீட்டுக் கழிவுநீர் தினமும் ஓடும். ஆளுக்கு 135 லிட்டர் கொடுத்தால் அதில் சுமார் 80 சதவீதம் கழிவாக வரும், 108 லிட்டர். 500 பேர் உள்ள தெரு தினம் 54,000 லிட்டரை ஊருணியில் கொட்டும். ஒரு ஹெக்டேரில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஆச்சியின் 0.7 கெழுப்படி கிடைப்பதே 70,000 லிட்டர். பக்கத்துக் கிணறெல்லாம் நைட்ரேட் ஏறிப் போகும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் தளர்வே கிடையாது, காய்ச்சினாலும் போகாது.

பள்ளத்தூர் ஆச்சி
அப்படியே திருப்பச் சொல்லவில்லை. ஊருணி வாயில் ஒரு மண்தங்கு தொட்டி, 25 மில்லிமீட்டர் இடைவெளியில் கம்பி வலை, பிறகு குறுக்கே ஒரு தடுப்புச் சுவர். சுவரடியில் 150 மில்லிமீட்டர் குழாய் பாதாள சாக்கடைக்கு. தினசரிக் கழிவு அடியோடு அதில் போய்விடும், மழை வெள்ளம் சுவரைத் தாண்டி ஊருணிக்கு விழும். ராத்திரி மூணு மணிக்கு மழை வந்தால் மதகுப் பலகையைத் தூக்க ஆள் தேட வேண்டாம்.

டேங்க்மேடு
150 மில்லிமீட்டர் குழாய், 150-க்கு 1 சரிவில் விநாடிக்கு 12 லிட்டர் கொண்டுபோகும். இருபது இடத்தில் இப்படி வைத்தால் மழை நேரத்தில் விநாடிக்கு 240 லிட்டர் பாதாள சாக்கடைக்குள். மேன்ஹோல் மூடி கிளம்பும், அந்தக் கழிவு தெருவில் ஓடி, தம்பி சொன்ன அதே அரை அங்குல இணைப்பின் மேல் நிற்கும். குழாய் வாயில் ஒரு பிளாஸ்டிக் பை மாட்டினாலோ தினசரிக் கழிவே சுவரைத் தாண்டி ஊருணிக்கு.

பள்ளத்தூர் ஆச்சி
அப்படியானால் ஒரே வழி: அந்தத் தெருவில் எல்லா வீட்டுக் கழிவுநீரையும் முதலில் பாதாள சாக்கடையோடு நேராக இணைத்துவிட்டு, மழையில்லாத நாளில் வாய்க்கால் காய்ந்து கிடக்கிறதா என்று ஒரு மாதம் பாருங்கள். காய்ந்தால் அடிக்குழாயே வேண்டாம்.

செக்காலைவாசி
பலகையில் மூன்றாவது கட்டம் சேர்த்துவிட்டேன்: முதல் நிமிஷக் குளோரின், பத்தாம் நிமிஷக் குளோரின், வாய்க்கால் ஈரமா, காய்ந்ததா. வாய்க்காலைக் கடக்கும் இணைப்புக்கெல்லாம் உறைக்குழாய் போடுவதையும் கோரிக்கையில் சேர்க்கவா? இல்லை, அதைத் தனி வேலையாக எஸ்டிமேட் கேட்கவா?

டேங்க்மேடு
தனியாகக் கேள். உறைக்குழாய் மட்டும் போதாது, இணைப்பை வாய்க்கால் மூடிக்கு மேலே தூக்கச் சொல். கீழே விட்டு உறை போட்டால் உறைக்குள்ளேயே சாக்கடை நிற்கும்.