தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை: ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா?

குடந்தைக்காரன்:
வெள்ளிக்கிழமை விடிகாலை ரயிலில் மயிலாடுதுறை வந்து இறங்குகிறோம், நான்கு பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி. தரங்கம்பாடிக் கோட்டை, திருக்கடையூர் இரண்டையும் பார்த்துவிட்டு ராத்திரி ரயிலைப் பிடிக்க வேண்டும். எதை முதலில் வைத்துக்கொள்வது?

பொறையாறு பஸ்:
முதலில் கிழமையை மாற்றுங்கள். கோட்டை அருங்காட்சியகம் தமிழ்நாடு தொல்லியல் துறையுடையது, வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களிலும் காலை பத்து மணிக்குத்தான் திறப்பார்கள், மதியம் சாப்பாட்டு நேரத்தில் பூட்டுவார்கள்.

அதனால் முதலில் திருக்கடையூர். மயிலாடுதுறையிலிருந்து காரைக்கால் பஸ்ஸில் ஏறினால் செம்பனார்கோயில், ஆக்கூர் வழியாக வரும், திருக்கடையூரில் இறங்கிக்கொள்ளலாம். முகூர்த்த நாளாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். அறுபதாம் கல்யாணம், சதாபிஷேகம் என்று கூட்டம் நெரியும், காலைப்பொழுது அங்கேயே போய்விடும். தரிசனம் முடிந்ததும் அதே சாலையில் பொறையாறு பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, தரங்கம்பாடி நிறுத்தத்தில் இறங்குங்கள்.

சுண்ணாம்புச் சாந்து:
இறங்கியதும் கோட்டைக்கு ஆட்டோ பிடிக்க வேண்டாம். 1792-இல் எடுத்துக் கட்டிய நகர வாசல் வழியாக ராஜா வீதியில் நேராகக் கடலை நோக்கி நடங்கள். ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு அடக்கமான புதிய எருசலேம் ஆலயம் (1718), சீயோன் ஆலயம் (1701) எல்லாம் இந்த ஒரே தெருவில்தான். கோட்டையை மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்த மாதிரி. மதிலுக்குள் இருந்த ஊருக்கே அது காவல்.

தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620-இல் டேனிஷ் கப்பற்படைத் தலைவர் ஓவே கெட்டே கட்டத் தொடங்கியது இந்தக் கோட்டை. கீழே வளைவுக் கூரை போட்ட அறைகள்: சரக்கு, வெடிமருந்து, சிறை. கவர்னர் குடியிருப்பு மேல்தளம். கீழ் அறைகளில் இடுப்புயரம் வரை காரை பொரிந்திருப்பதைக் கவனியுங்கள். செங்கல்லுக்குள் ஏறிய உப்புநீர் காயும்போது உப்பு படிகமாகிப் பூச்சை வெளியே தள்ளுகிறது. மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு செங்கல்லே உதிரும். இத்தகைய சுவருக்குச் சுண்ணாம்புதான் சரி.

குடந்தைக்காரன்:
சனிக்கிழமைக்கு மாற்றிவிடுகிறேன். அம்மா மேலே ஏற முடியுமா? மாலை நான்கு மணிக்குப் போனால் வெயில் குறையுமே?

பொறையாறு பஸ்:
நான்கு மணி வேண்டாம் சார். மாலையில் மூடும் நேரம் நெருங்கிவிட்டால் நிதானமாகப் பார்க்க விடமாட்டார்கள். கடல் பார்த்த முகப்பில் வெளிச்சம் விழுவதும் காலையில்தான். மேல்தளத்துக்கு லிப்ட் கிடையாது. அம்மா கீழ்முற்றத்தையும் அறைகளையும் பார்த்துவிட்டு நிழலில் உட்காரட்டும். அவருக்கு மட்டும் ராஜா வீதிக்கும் ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பங்காற்று:
கோட்டைக்கு வடக்கே கடலோரமாக மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு உண்டு. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அங்கே கொட்டியிருக்கும் கருங்கல் பாறைகளில் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். பாசி வழுக்கும், இடுக்கில் கால் மாட்டும். குளிக்கவும் ஏற்ற இடமல்ல. குடிதண்ணீரும் குடையும் கையிலிருக்கட்டும், கோட்டைக்கு முன்னால் இருப்பது நிழலே இல்லாத திறந்த மைதானம். ஐப்பசி, கார்த்திகையில் என்றால் மழையைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.