பழைய மாஸி 1035: சம்ப் டிரெயின் பிளக் அசையவே மாட்டேங்குது

வாழப்பாடி மரவள்ளி:
எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது மாஸி 1035 டிராக்டர், மூன்று சிலிண்டர் சிம்ப்சன் என்ஜின். அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மரவள்ளி பிடுங்கி சேகோ ஆலைக்கு லோடு அடித்து முடிந்தாச்சு, சரி, ஆயில் மாற்றிவிடலாம் என்று கீழே படுத்தால், சம்ப்பின் (என்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) டிரெயின் பிளக், அதாவது ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட், நகர மறுக்கிறது. முன்பு வைத்திருந்தவர் எங்கே விட்டு வேலை பார்த்தாரோ, தலையில் இரண்டு முனை மழுங்கி, சுற்றிலும் பைப் ரென்ச் பல் பதிந்திருக்கிறது. 24 மில்லி ஸ்பேனர் லொடலொடவென்று ஆடுகிறது, 22 ஏறவே இல்லை. துருவுக்கு அடிக்கிற ஸ்பிரே அடித்து ராத்திரி முழுக்க விட்டும் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்து மாமா, கேஸ் வைத்துச் சூடு காட்டு, தானாக வரும் என்கிறார். எனக்குத் தைரியம் இல்லை. பிளக் போனால் போகட்டும், சம்ப் போய்விடக் கூடாது.

மேச்சேரி டிரைவர்:
ஸ்பேனர் வாலில் நாலடி பைப்பைச் சொருகி ஒரு இழு இழுங்க தம்பி. வராமல் எங்கே போகும்.

செவ்வாய்ப்பேட்டை லேத்:
ஆடுகிற ஸ்பேனரில் பைப்பைச் சொருகினால் மீதி நாலு முனையும் போய்விடும். அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம், அப்படிப் போன பிளக்குகளைத்தான் எங்கள் பட்டறையில் வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

தம்பி, 22 ஏறவில்லை, 24 ஆடுகிறது என்றீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. அது 7/8 இன்ச் தலையாக இருக்கும், அதாவது 22.2 மில்லி. இந்த வண்டிகள் இங்கிலாந்து வழி வந்தவை, பழைய போல்ட்டில் பாதிக்கு மேல் இன்ச் அளவுதான். மில்லி செட்டை வைத்துக்கொண்டு அதனுடன் மல்லுக்கட்டியதில்தான் முனை மழுங்கியிருக்கிறது. வெர்னியர் (நுண்ணளவு பார்க்கும் கருவி) வைத்து ஒரு முறை அளந்துவிடுங்கள். 7/8 என்றால் ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர் வாங்குங்கள். பன்னிரண்டு முனை வேண்டாம், அது மூலையை மட்டும் பிடிக்கும். ஆறு முனை பக்கவாட்டைப் பிடிக்கும்.

அப்புறம் அந்த ஸ்பிரே. சம்ப் பிளக்கின் மரை எப்போதும் உள்ளே ஆயிலில் ஊறிக்கொண்டேதான் இருக்கிறது, அங்கே துரு ஏற வழி குறைவு. பிடித்து வைத்திருப்பது வாஷரும், யாரோ ஆங்காரமாக இறுக்கிய இறுக்கும்தான். அதனால் ஸ்பிரேயைவிட அடிதான் கேட்கும். என்ஜினை ஓட விட்டுச் சூடாக்கி நிறுத்துங்கள். சுற்றி ஒட்டிய மண்ணைச் சுரண்டுங்கள். தடித்த பித்தளைக் கம்பியைப் பிளக் தலையின் நடுவில் வைத்து, ஒரு கிலோ சுத்தியால் நேராக மேல்நோக்கி நாலைந்து அடி. அடி பிளக்கில் விழ வேண்டும், சம்ப்பில் பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். பிறகு முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்துப் பாருங்கள். ஒட்டிய வாஷர் விட்டுவிட்டால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், கையிலேயே தெரியும். பிறகு கழற்றும் பக்கம்.

கழற்றும் பக்கம் எது என்பதிலேயே நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கீழே படுத்துத் தலையை நேரே பார்த்தால் இடஞ்சுழி. நின்றபடி பக்கவாட்டில் கையை விட்டு மேலிருந்து பார்ப்பவருக்கு அதுவே வலஞ்சுழியாகத் தெரியும். இறுக்கிக்கொண்டே 'கழலவில்லை' என்பார்கள்!

பாக்ஸும் வழுக்கினால், எதிரெதிர்ப் பக்கம் இரண்டை அரம் போட்டு 21 ஸ்பேனரைத் தட்டி இறக்குங்கள். கேஸ் மட்டும் வேண்டாம்.

ஏற்காடு எஸ்டேட்:
எங்கள் காபித் தோட்டத்து வண்டியில் இதே தகராறுதான். டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) ஓட்டையில் மெல்லிய டியூபை விட்டு கைப்பம்பால் ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடுகிறோம். பிளக்கைத் தொடுவதே இல்லை.

செவ்வாய்ப்பேட்டை லேத்:
அவசரத்துக்குச் சரிங்க. ஆனால் அடியில் படிகிற கசடும் இரும்புத் துகளும் உறிஞ்சும்போது வராது, சம்ப்பிலேயே தங்கிவிடும். பிளக் வழியாகச் சூடான ஆயில் வேகமாக இறங்கும்போதுதான் அதில் கொஞ்சமாவது வெளியே போகும்.

வாழப்பாடி மரவள்ளி:
வெர்னியரில் 22.2 சரியாக வந்தது அண்ணா! பாக்ஸ் வாங்கிப் போட்டேன், சுத்தியும் போட்டேன். நீங்கள் சொன்ன 'டக்' இன்னும் வரவில்லை. பாக்ஸ் இறுக்கமாக உட்கார்ந்தாலும் மழுங்கிய இடத்தில் கொஞ்சம் நழுவுகிற மாதிரி இருக்கிறது, அதற்கு மேல் இழுக்கவில்லை. இனி வெல்டிங் தானா?

செவ்வாய்ப்பேட்டை லேத்:
நிறுத்தியது நல்லது. ஆமாம், தலைமேல் ஒரு பெரிய நட்டை வைத்து, அதன் ஓட்டைக்குள் வெல்டு நிரப்புவதுதான் அடுத்தது. அந்தச் சூடு பிளக்கில் மட்டும் ஏறும், ஆறும்போது சுருங்கிப் பிடி விடும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்புங்கள், தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம். முன்னதாக டிப்ஸ்டிக் வழியாக ஆயிலை எடுத்துவிடுங்கள், மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள், பேட்டரி ஒயர் இரண்டையும் கழற்றுங்கள். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப்பைச் சம்ப்பிலேயே, பிளக்குக்குப் பக்கத்தில் கவ்வ வையுங்கள். வண்டியின் பின்பக்கம் எங்காவது மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கடித்துவிடும். எடுத்த ஆயிலில் டீசல் வாடை அடித்தால் வெல்டிங் பேச்சே வேண்டாம், எனக்குச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல்.

புதுப் பிளக் போடும்போது புதுச் செம்பு வாஷர். கடையில் கிடைக்காவிட்டால் பழையதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி ஆற விட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். ஸ்பேனரை ஒரு கையால் இறுக்கினால் போதும்.