குழந்தைகள் நலக் குழுவின் விசாரணையில் தாய்க்காக யார் பேசலாம்?

கேள்வி – செய்யாற்றுத்தம்பி
வணக்கம். பேருந்து நிலையத்தில் தனியாக நின்றதால் மீட்கப்பட்ட என் அக்காவின் ஒன்பது வயது மகள், குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி இப்போது ஓர் இல்லத்தில் இருக்கிறாள். கணவரை இழந்த அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதிகாரிகள் எதிரில் நா எழாது. வக்கீலோடு சென்றபோது, இது கோர்ட் இல்லை என்று அலுவலகத்தில் ஒருவர் அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார். அக்காவுக்காக வக்கீல் முன்னிலையாகலாமா? இல்லையென்றால் நானோ, எங்கள் ஊரில் மனு எழுதித் தரும் பெரியவரோ பேசலாமா?

பதில் – வக்காலத்து
வாசலில் சொன்னவர் பாதிதான் சரி. குழு நீதிமன்றம் அல்ல. ஆனால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 27ஆம் பிரிவின் வழியே, முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரங்களை அதற்குத் தந்திருக்கிறது. வக்கீலை விலக்கும் வாசகம் அச்சட்டத்தில் இல்லை. மாறாக, 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30ஆம் பிரிவு (ஐம்பது ஆண்டுகள் உறங்கிவிட்டு 2011 ஜூன் 15 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது) சாட்சியம் பெறச் சட்டப்படி அதிகாரமுள்ள எவர் முன்னிலையிலும் தொழில் நடத்தும் உரிமையை வக்கீல்களான எங்களுக்கு அளிக்கிறது. குழு இதற்குள் அடங்கும் என்பதே என் வாதம். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில், வக்கீலை உரிமையாகக் கோர முடியாது என்று 13ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. இங்கும் அதுதான் நோக்கமென்றால் அப்படியே எழுதியிருப்பார்கள்.

பெரியவருக்கு உரிமை கிடையாது. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி குறிப்பிட்ட ஒரு வழக்கில் குழு அனுமதி தரலாம், மறுக்கவும் செய்யலாம். நீங்கள் தாய்மாமன், குழந்தையை வளர்க்க முன்வந்தால் உறவினராக உங்கள் தரப்பையே சொல்லலாம்.

கட்டணம் தடையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள் (தொலைபேசி 15100). 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச உதவி தருகிறது. நீதித்துறை சார்ந்த பணியாற்றும் அமைப்புகளின் விசாரணைகளுக்கும் அது பொருந்தும்.

பதில் – முன்னாள் உறுப்பினர்
ஒரு குழுவில் உறுப்பினராக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். வக்கீல் வருவதில் எங்களுக்குச் சங்கடமில்லை. குழந்தையைக் குறுக்கு விசாரணை செய்ய முனைந்தால்தான் சங்கடம். வக்கீல் இருந்தாலும் அக்கா நேரில் வர வேண்டும், ஏனெனில் மகளைப் பார்த்ததும் அவர் எப்படி இருக்கிறார் என்பதை எந்த மனுவாலும் காட்ட முடியாது. முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது 15 நாட்களில் முடிக்க வேண்டிய சமூக விசாரணை அறிக்கைதான். விசாரிக்க வருபவரிடம் வீட்டுச் சூழலையும் பள்ளி விவரத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். இறுதி ஆணை நான்கு மாதங்களுக்குள் வர வேண்டும். அன்று குறைந்தது மூன்று உறுப்பினர்கள் இருக்க வேண்டும். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. ஊர்ப் பெரியவரை உள்ளே விடத் தயங்குவதற்கு அதுவும் காரணம். நீங்களும் இங்கே இதற்குமேல் விவரம் எழுத வேண்டாம்.

பதில் – வாய்தா
வாசலில் வாதாடிப் பயனில்லை. வக்கீலை அனுமதிக்கக் கோரும் மனுவை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் மறுப்பும் எழுத்தில் வேண்டும். குழுவின் ஆணையை எதிர்த்துக் குழந்தைகள் நீதிமன்றத்தில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதால் தேதியுள்ள காகிதம் முக்கியம்.

செய்யாற்றுத்தம்பி
மூவருக்கும் நன்றி. அக்காவின் வக்கீலே குழந்தைக்காகவும் பேசலாமா?

முன்னாள் உறுப்பினர்
வேண்டாம். மகள் வீட்டுக்கு வர விரும்பாவிட்டால் அவர் யார் பக்கம் நிற்பார்? குழந்தைக்குச் சட்ட உதவி கிடைக்கச் செய்வது இளைஞர் நீதிச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி குழுவின் கடமை. தனி வக்கீல் கேட்டு அதே மனுவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.