செனட்டர்கள் – அதிபர் சந்திப்பு: 2012 நேபிடோவை வைத்து மாதிரிப் பேச்சுவார்த்தை அமைப்பது எப்படி?

கயல்_எம்ஏ கேட்டது:

வகுப்பில் ஒரு மாதிரிப் பேச்சுவார்த்தை நடத்தப் போகிறோம். களம் மியான்மர் தலைநகர் நேபிடோ, காலம் 2012 ஜனவரி. ஒரு பக்கம் அமெரிக்க செனட்டர்கள், எதிர்ப்பக்கம் மியான்மர் அதிபர் தெய்ன் செய்ன். அந்த மாத நடுவில் மிட்ச் மெக்கானல் போய் வந்தார். அடுத்த சில நாளில் ஜான் மெக்கெய்ன், ஜோ லீபர்மன் இருந்த குழுவும் போனது. அதனால்தான் இதை எடுத்தோம். மொத்தம் 14 பேர், பேச்சுக்கு 45 நிமிடம்.

குழப்பம் இதுதான். செனட்டருக்கு ஒப்பந்தம் போடும் அதிகாரம் கிடையாது. அப்புறம் அதிபர் எதற்காக அவரோடு மெனக்கெட்டுப் பேச வேண்டும்? எதைக் கொடுத்து எதை வாங்குவது? அதிபர் பக்கம் உட்காருகிறவர்கள் எதற்குச் சரி சொல்லலாம், எதற்குச் சொல்லக் கூடாது? 45 நிமிடத்தை எப்படிப் பங்கிடுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடமலை:

செனட்டர் கையெழுத்துப் போட முடியாதுதான். ஆனால் 2012-ல் அவர் கையில் இரண்டு சாவி இருந்தது. மாணவர்களுக்கு முதலில் அதைப் புரியவையுங்கள்.

மியான்மர் மீதான அமெரிக்கத் தடை ஒரே தடை இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. புதிய முதலீட்டுக்கான தடை 1997-ல் அதிபர் கிளின்டன் போட்ட ஆணை. இறக்குமதித் தடை 2003-ல் காங்கிரஸ் நிறைவேற்றிய பர்மா சுதந்திர, ஜனநாயகச் சட்டம். பச்சைக் கல்லான ஜேடும் மாணிக்கமும் மூன்றாம் நாடு வழியாகச் சுற்றி வந்தாலும் உள்ளே விடக் கூடாது என்று 2008-ல் இன்னொரு சட்டம். இவை போக, ஆட்கள் பெயரைக் குறிப்பிட்டுச் சொத்தை முடக்கும் நிதித்துறைப் பட்டியல்.

ஒவ்வொன்றையும் திறக்கிற ஆள் வேறு. முதலீட்டுத் தடையை வெள்ளை மாளிகையே உரிமம் கொடுத்துத் தளர்த்தலாம். 2012 ஜூலையில் அப்படித்தான் செய்தார்கள். பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது நிதித்துறை வேலை. 2003 சட்டத்தின் இறக்குமதித் தடைதான் விசேஷம். அதை ஒவ்வொரு வருஷமும் காங்கிரஸ் தீர்மானம் போட்டுப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் தானாகவே காலாவதி. அந்தத் தீர்மானத்தை வருஷா வருஷம் செனட்டில் முன்னின்று கொண்டு வந்தவர்களில் மெக்கானல் முக்கியமானவர். அப்போது சிறுபான்மைக் கட்சித் தலைவரும் அவர்தான். எதையும் நிறைவேற்றித் தர வேண்டாம், சும்மா இருந்தாலே போதும், தடை விழுந்துவிடும். தெய்ன் செய்ன் அவரோடு உட்கார்ந்ததற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இரண்டாவது சாவி தூதர் நியமனம். 1990-லிருந்து யாங்கூனில் அமெரிக்கத் தூதர் என்று யாரும் கிடையாது, பொறுப்பாளர் மட்டுமே. 2012 ஜனவரி 13 அன்று மீண்டும் தூதர்களை அனுப்பப் போவதாக வாஷிங்டன் அறிவித்தது. யாரை அனுப்பினாலும் செனட் ஒப்புதல் வேண்டும். டெரிக் மிட்செலுக்கு அது ஜூன் கடைசியில் கிடைத்தது.

ஆகவே "தடையை நீக்குகிறோம்" என்ற வாக்கியத்தை செனட்டர் பக்கம் யாரும் சொல்லக் கூடாது. "புதுப்பிக்கும் தீர்மானம் வரும்போது இதைக் கணக்கில் எடுப்போம்" என்பதுதான் அவர்கள் எல்லை. முடிவு எப்படி வந்தது என்று கேட்பீர்கள்: 2012 ஆகஸ்டில் ஒருமுறை புதுப்பித்தார்கள், நவம்பரில் ஒபாமா அரசு விலக்கு கொடுத்தது, 2013 ஜூலையில் புதுப்பிக்காமலே விட்டுவிட்டார்கள்.

மேசைக்குறிப்பு:

வடமலை சொன்னது சட்டம். நான் மேசைக்கு வருகிறேன்.

45 நிமிடம் என்பது 45 நிமிடம் இல்லை. ஒருவர் பேசி முடித்ததும் மொழிபெயர்ப்பாளர் பேசுவார், ஆகவே பாதி போய்விடும். வரவேற்பு, புகைப்படம், நலம் விசாரிப்பு என்று 5 நிமிடம். மிச்சம் 40-ல் இரு பக்கமும் சேர்ந்து பேசக் கிடைப்பது 20. அதிபர் பதில் சொல்லாமல் இருப்பாரா? செனட்டர் பக்கத்துக்கு உண்மையில் 10 நிமிடம்தான். அதில் மூன்று கோரிக்கைக்கு மேல் வைத்தால் எல்லாமே நீர்த்துவிடும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று வாக்கியம், பிறகு நிறுத்தம். ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசினால் மொழிபெயர்ப்பாளர் சுருக்கித்தான் சொல்வார், சுருக்கும்போது முதலில் விழுவது நிபந்தனைச் சொற்கள். "விடுவித்தால் பரிசீலிப்போம்" என்பது அந்தப் பக்கம் "பரிசீலிப்போம்" என்று போய்ச் சேரும்.

14 பேரை இப்படிப் பிரிக்கலாம். செனட்டர்கள் 4, தூதரகப் பொறுப்பாளர் 1, குறிப்பெடுப்பவர் 1, மொழிபெயர்ப்பாளர் 1. எதிர்ப்பக்கம் அதிபர், வெளியுறவு அமைச்சர், இன்னும் இரண்டு அமைச்சர்கள், ஆலோசகர், குறிப்பெடுப்பவர், மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பாளர் பக்கத்துக்கு ஒருவர் கட்டாயம். அவரவர் ஆள் அவரவர் பேச்சை மொழிபெயர்க்க, எதிர்ப்பக்க ஆள் சரிபார்ப்பார். செனட்டர்கள் நால்வரும் ஆளுக்கொரு முன்னுரை வாசிக்க ஆரம்பித்தால் கதை முடிந்தது. தலைவர் ஒருவர் திறப்பார், மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பொருள்.

பெயர் விஷயத்தில் பலரும் சறுக்குவார்கள். பர்மியருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, நம்ம ஊர் மாதிரிதான். "மிஸ்டர் செய்ன்" என்று கூப்பிட்டால் பாதிப் பெயரை வெட்டிக் கூப்பிட்ட மாதிரி. "ஊ தெய்ன் செய்ன்", பெண்களுக்கு "டோ" என்பது மரியாதை. நாட்டின் பெயர் அதைவிடச் சிக்கல். அமெரிக்க அரசு அப்போது "பர்மா" என்றே எழுதியது, அவர்களோ "மியான்மர்" என்பார்கள். 2011 டிசம்பரில் வந்த ஹிலாரி கிளின்டன் பெரும்பாலும் "இந்த நாடு" என்று சொல்லி நழுவினார். உங்கள் செனட்டர்களுக்கும் அதுவே நல்லது.

கைதிகள் பட்டியலை வாயால் வாசிக்காதீர்கள். தலைப்புத்தாளோ கையொப்பமோ இல்லாத வெறும் தாளில் அடித்துக் கொடுப்பார்கள், நான்-பேப்பர் என்று பெயர். ஒவ்வொரு பெயருக்கும் பர்மிய எழுத்தில் பெயர், தந்தை பெயர், எந்தச் சிறை, எந்தச் சட்டப் பிரிவு, எத்தனை ஆண்டு. தந்தை பெயர் ஏன் என்றால், ஒரே பெயரில் இன்செயின் சிறையில் மட்டுமே பலர் இருப்பார்கள். ஆங்கில எழுத்தில் மட்டும் கொடுத்தால் "அப்படி யாரும் எங்கள் பதிவில் இல்லை" என்று சுலபமாகத் திருப்பிவிடலாம்.

கயல்_எம்ஏ:

இரண்டு பேருக்கும் நன்றி. கைதிகள் விஷயத்தில் ஒரு கேள்வி. ஜனவரி 13 அன்றே 651 பேரை விடுவித்துவிட்டார்களே. செனட்டர்கள் வருவதற்குள் அந்தக் கோரிக்கை தீர்ந்துபோய்விட்டது போலத் தெரிகிறது. அதை எடுத்துவிடலாமா? அதோடு அதிபர் பக்கத்துக்கு யாராவது உதவுங்கள், அந்தப் பக்கம் உட்கார வகுப்பில் யாருக்கும் விருப்பமில்லை.

இரவாதி:

எடுக்க வேண்டாம். அங்கேதான் விஷயமே இருக்கிறது. அந்த 651 பேரும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 401-ஆம் பிரிவின் கீழ் வெளியே வந்தவர்கள். அது மன்னிப்பு அல்ல, தண்டனை நிறுத்திவைப்பு. மறுபடி வழக்கில் சிக்கினால் மிச்சத் தண்டனையும் தலையில் விழும். 1988 ஜனநாயகப் போராட்டத்தை நடத்திய, மின் கோ நைங் போன்ற 88 தலைமுறை மாணவர் தலைவர்களுக்கு 65 ஆண்டு தண்டனை இருந்தது. அந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருந்தது. ஆகவே கோரிக்கை "விடுவியுங்கள்" என்று இருக்கக் கூடாது. "நிபந்தனையற்ற விடுதலை, மீதமிருப்பவர் யார் என்று முடிவு செய்ய இரு தரப்பும் ஏற்கும் குழு" என்று இருக்க வேண்டும். அப்படி ஒரு குழு உண்மையிலேயே 2013 பிப்ரவரியில் அமைக்கப்பட்டது. அதிபர் தன் கையெழுத்தால் செய்யக்கூடிய காரியம் அது.

அதிபர் பக்கம் உட்கார ஆள் இல்லை என்றால், அதுதான் சுவாரசியமான நாற்காலி என்று சொல்லுங்கள். அன்று எதிரில் இருந்த தெய்ன் செய்னின் பெயரே அமெரிக்க நிதித்துறையின் முடக்கப் பட்டியலில் இருந்தது! கீழவைத் தலைவர் ஷ்வே மான் பெயரும் அப்படித்தான். 2012 செப்டம்பர் 19 அன்றுதான் இரண்டையும் நீக்கினார்கள். அதாவது அமெரிக்கக் குடிமகன் யாரும் அவரோடு பணப் பரிமாற்றம் செய்யக் கூடாது, செனட்டர் கை குலுக்கலாம். இதை அதிபர் தன் வாயால் கேட்க மாட்டார், கௌரவப் பிரச்சினை. வெளியுறவு அமைச்சர் பாத்திரம் இடைவேளையில் தூதரகப் பொறுப்பாளர் காதில் போட வேண்டும்.

அதிபர் கையில் காட்ட என்ன இருந்தது? 2011 ஆகஸ்ட் 19-ல் ஆங் சான் சூச்சியோடு சந்திப்பு. செப்டம்பர் 30-ல் சீன நிறுவனம் கட்டிக்கொண்டிருந்த மிட்சோன் அணை வேலையை நிறுத்தியது. 2012 ஜனவரி 12-ல் கரேன் தேசிய யூனியன் என்ற ஆயுதக் குழுவோடு சண்டை நிறுத்தம். மறுநாள் கைதிகள். தேதிகளைப் பாருங்கள், விருந்தாளி வருவதற்குள் வீட்டைக் கூட்டிப் பெருக்கிய மாதிரி வரிசையாக இருக்கிறது. அவர் கேட்டது: நாங்கள் செய்ததற்கு ஈடாக நீங்கள் என்ன செய்தீர்கள், உள்ளே இருக்கிற கடும்போக்காளர்களிடம் நான் எதைக் காட்டுவது? நல்ல வாதம். செனட்டர் பக்கம் இதற்குத் தயாரான பதில் இல்லாமல் போனால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

வடமலை:

இரவாதி சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. அதிபர் எதற்கு ஒத்துக்கொள்ளக் கூடாது என்பதைப் பாத்திர அட்டையிலேயே அச்சடித்துவிடுங்கள். 2008 அரசியலமைப்பின்படி பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூன்றுக்கும் அமைச்சர்களைப் படைத் தளபதிதான் தருகிறார். இரு அவைகளிலும் 25 சதவீத இடம் ராணுவத்துக்கு: கீழவையில் 440-ல் 110, மேலவையில் 224-ல் 56. முக்கியப் பிரிவுகளைத் திருத்த 75 சதவீதத்துக்கு மேல் வாக்கு தேவை. ராணுவம் கை தூக்காமல் ஒன்றும் நகராது.

எனவே செனட்டர் "வடக்கே கச்சின் மாநிலத்தில் கிளர்ச்சியாளரோடு நடக்கும் சண்டையை நிறுத்துங்கள்" என்றால் அதிபர் "உத்தரவிட்டாயிற்று" என்பார், அது பொய்யும் இல்லை. 2011 டிசம்பரில் தாக்குதலை நிறுத்தச் சொல்லி உண்மையிலேயே உத்தரவு போட்டார். சண்டை ஓயவில்லை. தவறான கதவைத் தட்டினால் இதுதான் கிடைக்கும். "உதவிப் பொருள் வண்டிகளைக் கிளர்ச்சிப் பகுதிக்குள் விடுங்கள்" என்று சிறிதாகக் கேட்டால், விட்டார்களா இல்லையா என்று பின்னால் சரிபார்க்கவாவது முடியும்.

மேசைக்குறிப்பு:

வடமலையோடு எனக்கு அரை மனதுதான் உடன்பாடு. சிறியதை மட்டுமே கேட்டால் பெரியது பதிவிலேயே ஏறாது. குறிப்பெடுப்பவர் எழுதும் தாளில் "கச்சின் பேசப்பட்டது" என்ற வரி இருக்க வேண்டும், பதில் வராது என்று தெரிந்தே சில கேள்விகள் கேட்கப்படும். வட கொரியாவுடனான ராணுவத் தொடர்பும் அப்படித்தான். அதைப் பத்துப் பேர் நடுவில் கேட்டால் மறுப்புதான் வரும். கடைசி 5 நிமிடம் மொழிபெயர்ப்பாளரை மட்டும் வைத்துக்கொண்டு இரு தலைவர்களும் தனியாகப் பேச ஒதுக்குங்கள். நேரடியாக ஒப்புக்கொள்ளச் சொல்லாமல், சர்வதேச அணுசக்தி முகமையின் கூடுதல் நெறிமுறையில் (ஆய்வாளர்களுக்குக் கூடுதல் அனுமதி தரும் ஒப்பந்தம்) கையெழுத்திடுங்கள் என்று கேட்கலாம். முகம் கெடாமல் செய்யக்கூடியது அது, 2013-ல் செய்தும் விட்டார்கள்.

ஏப்ரல் 1 இடைத்தேர்தல் பார்வையாளர்கள் பற்றிய கோரிக்கையில் தேதி போட மறக்காதீர்கள். "பார்வையாளரை அனுமதியுங்கள்" என்றால் "ஆகட்டும்" என்பார்கள். உண்மையில் அழைப்பு மார்ச்சில்தான் போனது, பிரசாரத்தையும் வாக்காளர் பட்டியலையும் பார்க்க நேரமே இல்லை. "வேட்புமனு முடிந்த வாரத்திலிருந்து, இத்தனை பேர், எல்லாத் தொகுதிக்கும்" என்று கேட்க வேண்டும்.

கயல்_எம்ஏ:

ஜிம் வெப் 2009-ல் போனதை ஒப்பிடலாமா? அவரும் செனட்டர்தானே.

இரவாதி:

ஒப்பிடலாம், ஆனால் அது வேறு மாதிரிப் பேரம். அப்போது எதிரில் இருந்தது ராணுவ ஆட்சித் தலைவர் தான் ஷ்வே. சூச்சியின் வீட்டுக்கு ஏரியில் நீந்திப் போய் 7 ஆண்டு தண்டனை வாங்கிய அமெரிக்கர் ஜான் யெட்டாவை வெப் தன் விமானத்திலேயே பாங்காக் கூட்டி வந்தார். சூச்சியைச் சந்திக்கவும் விட்டார்கள். அவரை விடுவிக்கும் கோரிக்கை மட்டும் நடக்கவில்லை. ஒரு ஆளை ஒப்படைப்பது ஒரு உத்தரவு, அன்றே முடிந்துவிடும். 2012-ல் கேட்டவை சட்டம், தேர்தல், குழு. விமானத்தில் ஏற்றிக்கொண்டு வர முடியாதவை.

வடமலை:

கடைசியாக ஒன்று, நடுவர் கையில் ஒரு மணி கொடுங்கள். 2012 ஜனவரிக்குப் பின்னால் நடந்ததை யார் பேசினாலும் அடிக்கட்டும். ராக்கைன் கலவரம் அந்த ஜூனில், சூச்சி அரசு ஆலோசகர் ஆனது 2016, ரோஹிங்கியா வெளியேற்றம் 2017, ராணுவக் கவிழ்ப்பு 2021. எல்லாரும் இதை உள்ளே இழுப்பார்கள். ஆனால் ரோஹிங்கியாக்களுக்குக் குடியுரிமை மறுத்த 1982 குடியுரிமைச் சட்டத்தைப் பேசலாம், அப்போதே இருந்தது. முடிந்ததும் இரு தரப்பும் தனித்தனியாக ஆறு வரிப் பத்திரிகைச் செய்தி எழுதட்டும், மற்றவர் எழுதியதைப் பார்க்காமல். இரண்டையும் பலகையில் அடுத்தடுத்து ஒட்டுங்கள்.