தேன் கெடாது, சரி. பல்?

கொருக்குப்பேட்டை அக்கா:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "தேனில் கிருமி வளராது. நிப்பிளில் தேன் தடவிக் கொடுத்தால் குழந்தைக்குப் பல் சொத்தையாகாது." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. என் தங்கை பேரனை ராத்திரி தூங்க வைக்க இதைத்தான் செய்தார்கள். இப்போது மூன்று வயது. மேலே முன்பல் நாலும் ஈறுவரை கரைந்து கரித்துண்டு மாதிரி நிற்கிறது. கீழ்ப்பல் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. அங்கே நாக்கு மறைக்கும், எச்சில் ஊறும். தேனில் சுமார் 80 சதவீதம் சர்க்கரைதான், தெரியுமா?

ராயபுரத்தான்:
எழுதியது நான்தான். தேன் கெடாது. எங்கள் தாத்தா வாங்கி வைத்த பாட்டில் இன்னும் பரணில் அப்படியே இருக்கிறது. கிருமி வாழவே முடியாத பொருள் பல்லை எப்படி அரிக்கும்?

எண்ணூர் தம்பி:
அண்ணே, பாட்டிலில் கெடாது. அதில் தண்ணீர் குறைவு, கிருமி தாக்குப்பிடிக்காது. வாய்க்குள் போனால் எச்சிலில் கரைந்து சர்க்கரைத் தண்ணீர்தான். பல்லில் ஏற்கெனவே குடியிருக்கிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற கிருமி அதைத் தின்று அமிலம் விடும். பிஎச் என்பது அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம். அது 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல், அதாவது பல்லின் மேல் ஓடு, கரையத் தொடங்கும். தேனே பிஎச் 4 பக்கம்தான். தூங்கும்போது எச்சிலும் குறைந்துவிடும், கழுவிவிட ஆளில்லை.

ராயபுரத்தான்:
வாயில் நுழையாத பேரைச் சொன்னால் பயந்துவிடுவோமா? புண்ணுக்குத் தேன் போடுகிறார்களே, எதற்கு? கிருமி சாகத்தானே? தேன் கெடாது. முதலில் அதற்குப் பதில் சொல்.

எண்ணூர் தம்பி:
சொல்லிவிட்டேன். புண்ணில் கெட்டியாகப் பூசிக் கட்டுப் போடுவார்கள். பல்லுக்கு யார் கட்டுப் போட்டார்கள்? 2015ல் உலக சுகாதார நிறுவனம் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னபோது தேனையும் அதே கணக்கில்தான் சேர்த்தது.

வண்ணை மளிகை:
தெருவில் வாளியில் வைத்து விற்பது தேனே இல்லை, வெறும் பாகு. பிள்ளைக்குக் கருப்பட்டி கொடுங்கள், பல்லுக்கு ஒன்றும் ஆகாது.

எண்ணூர் தம்பி:
கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ் என்ற சர்க்கரைதான். பல்லில் பிசின் மாதிரி படலம் கட்ட அந்தக் கிருமிக்கு அதைவிடத் தோதானது வேறில்லை.

ராயபுரத்தான்:
மளிகை, நீ பேசாதே. போன பொங்கலுக்கு நீ கொடுத்த கருப்பட்டியில் பாதி மண்.

வண்ணை மளிகை:
அந்தக் காசையே இன்னும் தரவில்லை, மண்ணைப் பற்றிப் பேசுகிறார்!

கொருக்குப்பேட்டை அக்கா:
சண்டையை விடுங்கள். ஒரு வயதுக்குள் தேனை நாக்கில் வைக்கவே கூடாது. பொட்டுலிசம் என்று ஒரு கிருமி நஞ்சு நோய், வந்தால் உயிருக்கே ஆபத்து.

ராயபுரத்தான்:
பிறந்த பிள்ளை நாக்கில் இனிப்புத் தொட்டுச் சேனை வைப்பது நம் வழக்கம் அக்கா. என் அம்மா எனக்குத் தேனில்தான் சேனை வைத்தார். வயது 58. இன்னும் 27 பல் இருக்கிறது.

எண்ணூர் தம்பி:
மீதி அஞ்சு எங்கே அண்ணே?

ராயபுரத்தான்:
அது டாக்டர் பிடுங்கியது! தேனால் போகவில்லை. என் அம்மா வைத்த சேனையைக் குறை சொல்ல உனக்கு என்ன தகுதி? போன வருஷம் எண்ணெய் கொப்பளிப்பு விஷயத்திலும் நீதான் குறுக்கே வந்தாய், மறக்கவில்லை.

கொருக்குப்பேட்டை அக்கா:
பிள்ளை சாப்பிடும்போது அழுகிறான். சோற்றைக் கரைத்துத்தான் ஊட்டுகிறார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ராயபுரத்தான்:
ஒழுங்காகப் பல் தேய்த்துவிட்டிருக்க மாட்டார்கள். தேன் கெடாது. நாளைக் காலையில் தாத்தா பாட்டிலைப் பரணிலிருந்து இறக்கி, படம் எடுத்துப் போடுகிறேன். பார்த்துவிட்டுப் பேசுங்கள்.