மறு: நீள்கரை நகர்வா, மணலோட்டமா?

நண்பர்களே,

அலையால் மணல் கரை நெடுக நகர்ந்துபோவதை ஆங்கிலத்தில் longshore drift என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு 'நீள்கரை நகர்வு' என்றே முடித்துவிடலாம் என்ற பேச்சு வந்திருக்கிறது. எனக்கு ஒப்புதல் இல்லை. சொல்லில் மணலே இல்லையே! கரைதான் நகர்கிறது என்று ஒரு மாணவர் எழுதிவைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அலை கரைக்குச் சாய்வாக வந்து மணலை அள்ளிக்கொண்டு அதே சாய்வில் மேலேறுகிறது, வடியும்போது மட்டும் சரிவைப் பார்த்து நேராக இறங்கிவிடுகிறது, அதனால் ஒவ்வொரு அலைக்கும் மணல் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிப்போய் ரம்பப் பல் போல வளைந்து வளைந்து கரை நெடுக நகர்கிறது. அலை உடையும் இடத்தில் கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் வேறு, கலங்கிய மணலை இழுத்துக்கொண்டு போகும். ஆக, ஓடும் நீர் ஒன்று, அதோடு போகும் மணல் இன்னொன்று. முதலாவதைக் கரையோர நீரோட்டம் என்கிறோம். இரண்டாவது கரையோர மணலோட்டமாக இருக்கட்டுமே.

இதற்கே நீங்கள் சொன்ன 'மணல் வலசை' அழகுதான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் வலசை போன பறவை திரும்பி வரும். சென்னைக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கே போகும் மணலில் ஒரு பங்குதான் வடகிழக்குக் காலத்தில் தெற்கே திரும்புகிறது. அந்த மிச்சத்துக்கு 'நிகர மணலோட்டம்' பொருந்தும். 'நிகர வலசை' என்றால் சிரிப்பார்கள்.

சொல்லை ஒரு வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: "1870களில் வேலை தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் மணலோட்டத்தை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது." உறுத்தவில்லை. புதுச்சேரியில் 1980களில் துறைமுகம் கட்டிய பிறகு நகரக் கடற்கரையில் மணல் போய்ப் பாறாங்கல் மிஞ்சிய கதையையும் இதே சொல்லால் எழுதிவிடலாம்.

அப்புறம், மணலைப் பிடிக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்சுவருக்குத் தயவுசெய்து புதிதாக எதுவும் ஆக்க வேண்டாம். 'தூண்டில் வளைவு' செய்தித்தாள் வரை வந்துவிட்டது. நீரோட்டத்துக்குச் சென்னை மீனவர் குப்பங்களில் தெண்டி, வன்னி என்று திசைக்கொரு பெயர் இருக்கிறது, அவற்றையும் பட்டியலில் சேர்க்கலாம்.

மேலேறும் நீருக்கும் வடியும் நீருக்கும்தான் இன்னும் சொல் அமையவில்லை. 'ஏறலை', 'இறங்கலை' என்று எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுப் படித்தால் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று கேட்கிறது. வேறு தோன்றினால் எழுதுங்கள்.