‘சுரம்’ – ஒரு பதிவா, மூன்று பதிவுகளா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சில மாதங்களாகச் சொற்பிறப்புக் குறிப்புகளோடு ஒரு சிறிய சொற்றொகுதியைத் தொகுத்து வருகிறேன். ஓர் எழுத்துக்கோவைக்கு ஒரு பக்கம் என்று தொடக்கத்தில் வகுத்துக்கொண்ட முறை, ‘சுரம்’ என்ற சொல்லுக்கு வந்ததும் தடைப்பட்டுவிட்டது. பாலைத்திணைப் பாடல்களில் தலைவன் கடந்து செல்லும் வறண்ட வழியும் சுரம். உடல் கொதிக்கும் காய்ச்சலும் சுரம். இசையில் ஏழாக எண்ணப்படுவதும் சுரம். முதல் இரண்டும் வெம்மை என்ற ஒரே கருத்திலிருந்து கிளைத்திருக்கலாம் என்று எழுதி வைத்தேன். மறுநாள் படித்துப் பார்த்தபோது அதற்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை என்பது உறைத்தது, அழித்துவிட்டேன்.

பிறமொழிகளையும் சேர்த்தால் சிக்கல் பெருகுகிறது. ‘கல்’ தமிழில் பாறைத்துண்டு. ‘படி, பயில்’ என்னும் ஏவலும் அதுவே. இந்தியில் ‘கல்’ என்றால் இடத்திற்கேற்ப நேற்று அல்லது நாளை. துருக்கிய மொழியில் ‘இரு, தங்கு’ என்று பொருள். எழுத்தும் ஒலியும் ஒத்திருந்தால் அவை ஒரே சொல்லின் கிளைகளா, கடன் சொற்களா, தற்செயலாக ஒத்தவையா என்பதை எப்படிப் பிரித்தறிவது? இதில் பழகியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி

நீங்கள் அழித்தது சரியான செயல். வெம்மை என்ற இணைப்பு கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது. சொற்பிறப்பில் நம்மை மிக எளிதாக ஏமாற்றுவது இந்தப் பொருத்தம்தான்.

‘சுரம்’ மூன்று தனிச் சொற்கள். பாலை நிலத்து வழியைக் குறிப்பது தமிழின் தன் சொல். காய்ச்சலைக் குறிப்பது வடமொழியின் ‘ஜ்வர’. இசைக்குரியது ‘ஸ்வர’. பின்னிரண்டும் வடமொழியில் வேறு வேறு எழுத்தில் தொடங்குகின்றன. அங்கே அவற்றை யாரும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ள மாட்டார்கள். தமிழுக்கு வந்தபோது ஜகரமும் ஸகரமும் சகரமாயின. சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் கூடி நிற்பதைத் தமிழ் ஏற்காது என்பதால், அடுத்திருந்த வகரமும் கரைந்து உகரமாகச் சகரத்தோடு ஒன்றிவிட்டது. இரண்டு வழிகளில் வந்த இரண்டு சொற்கள் ஒரே வாசலில் நுழைந்து, ஏற்கெனவே உள்ளே இருந்த மூன்றாவது சொல்லின் வடிவத்தையே எடுத்துக்கொண்டன.

இது எழுத்துப்பிழையால் நேர்ந்தது அன்று. ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே’ என்று தொல்காப்பியம் இதற்கு விதியே வகுத்திருக்கிறது. வடமொழிக்கே உரிய எழுத்தை விட்டு நீங்கித் தமிழெழுத்தோடு பொருந்தினால் அச்சொல் தமிழில் வழங்கலாம் என்பது அதன் கருத்து. இந்த விதி பல நூற்றாண்டுகள் வேலை செய்ததன் விளைவை அகராதியைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் காணலாம். வீமன் கையிலிருக்கும் கதை, ‘கர்ஜனை’ என்ற சொல்லின் முதலொலி கொண்டது. பாட்டி சொல்லும் கதையோ ‘கண்’ என்ற சொல்லின் முதலொலி கொண்டது. நொடிப்பொழுதாகிய கணம் ‘க்ஷண’. பூதகணத்தில் வருவது கூட்டம் என்னும் பொருளுடைய வேறொரு சொல். பிறந்த நேரத்தை வைத்துக் கணிக்கும் சாதகம் ‘ஜாதக’. பாடகர் விடியலில் செய்யும் சாதகம் ‘ஸாதக’. தீவினையும் பாவம், முகத்தில் தோன்றும் மெய்ப்பாடும் பாவம். பேசும்போது முதலெழுத்தின் ஒலி பிரித்துக் காட்டிவிடும். எழுதும்போது சூழல் மட்டுமே துணை.

ஆகவே ஒரு பக்கத்தில் மூன்று தலைச்சொற்கள் என்று வையுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924–1936) இப்படி ஒரே வடிவில் அமைந்த சொற்களைத் தலைச்சொல்லின் மேல் எண்ணிட்டுப் பிரித்திருக்கிறது. ஆனால் பொருள் பலவாக இருப்பதாலேயே சொல்லையும் பலவாக்கிவிடக் கூடாது. ‘அடி’ என்பது பாதம், மரத்தின் கீழ்ப்பகுதி, செய்யுளின் வரி, நீட்டலளவை என்று விரிந்தாலும் அது ஒரே சொல். பாதம் என்ற பொருளிலிருந்து மற்றவை படிப்படியாக வளர்ந்ததை நம்மால் காட்ட முடிகிறது. ‘கையால் அடி’ என்பதில் வரும் வினைதான் வேறு சொல்.

இரண்டாம் மறுமொழி

மேலே உள்ள விளக்கம் ஒரே மொழிக்குள் நடந்ததைச் சொல்கிறது. இதற்கு நேர்மாறான நிலையையும் கவனத்தில் கொள்ளுங்கள்: மூலம் ஒன்றே, வடிவமும் ஒன்றே, பொருள் மட்டும் மொழிக்கு மொழி வேறாகிப்போன சொற்கள்.

மொழிபெயர்ப்புப் பணியொன்றில் தெலுங்கு பேசும் ஒருவரோடு சேர்ந்து உழைத்த காலத்தில், நான் செய்ய வேண்டிய ஒரு பின்னிணைப்பைப் பற்றி அவர் ‘அவசரம் லேது’ என்று எழுதி அனுப்பினார். விரைந்து முடிக்க வேண்டியதில்லை, பொறுமையாகச் செய்யலாம் என்று எடுத்துக்கொண்டு, 3 நாள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து அனுப்பி வைத்தேன். அந்தப் பின்னிணைப்பே தேவையில்லை என்றுதான் அவர் எழுதியிருந்தார். வடமொழியில் ‘அவசர’ என்பது தக்க சமயம், வாய்ப்பு என்று பொருள்படும். இந்தியிலும் மலையாளத்திலும் அந்தப் பொருள் நிலைத்தது. தெலுங்கில் அது தேவை என்றாயிற்று. தமிழிலும் கன்னடத்திலும் விரைவு என்றாயிற்று. சமயம் வாய்த்தபோதே செய்தாக வேண்டும் என்ற நெருக்கடியிலிருந்து இரண்டு பொருள்களும் பிறந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

‘சம்சாரம்’ தமிழ்ப் பேச்சு வழக்கில் மனைவி, தெலுங்கில் குடும்பம், மலையாளத்தில் பேச்சு. ‘உபன்யாசம்’ நமக்குச் சமயச் சொற்பொழிவு. இந்தியிலும் வங்காளத்திலும் புதினம். ‘சிக்ஷா’ இந்தியில் கல்வி. மராத்தியிலும் மலையாளத்திலும் தண்டனை, நம் ‘சிட்சை’யும் அவ்வாறே. ஐரோப்பாவில் இதற்கு இணையாக ‘கிஃப்ட்’ என்ற சொல்லைக் காட்டலாம். ஆங்கிலத்தில் அன்பளிப்பாகிய அதே எழுத்துக்கோவை ஜெர்மனில் நஞ்சு. இரண்டும் ‘கொடு’ என்னும் ஒரே வேரின் கிளைகள்தாம்; கொடுக்கப்படும் மருந்து என்ற வழியாகச் சென்று ஜெர்மன் சொல் நஞ்சில் முடிந்தது. பெண்ணுக்குக் கொடுத்தனுப்பும் சீரைக் குறிக்கும் ‘மிட்கிஃப்ட்’ என்ற ஜெர்மன் சொல்லில் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஸ்வீடிய மொழியில் அதே எழுத்துகள் நஞ்சையும் குறிக்கும், மணமானவரையும் குறிக்கும்.

இவற்றை ஒரே மூலத்தின் கீழ் வைத்து, மொழிவாரியாகப் பொருளைப் பிரித்துக் காட்டுவதே முறை.

மூன்றாம் மறுமொழி

உரையாடல் மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது. எனக்கு ஓர் ஐயம். சீன மொழியில் ‘நீ’ என்றால் நாம் சொல்லும் அதே நீதான். அவர்கள் மொழியில் ‘மா’ குதிரை. நம் இலக்கியத்திலும் குதிரைக்கு மா என்ற பெயர் உண்டு. ஆங்கிலத்தின் ‘கேஷ்’ நம் காசிலிருந்து சென்றது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். வடிவமும் பொருளும் சேர்ந்தே ஒத்திருக்கும்போது உறவு உண்டு என்று கொள்ளலாம் அல்லவா?

நான்காம் மறுமொழி

தமிழின் மீதுள்ள பற்றினால் கேட்டிருக்கிறீர்கள். அதே பற்றோடுதான் நானும் எழுதுகிறேன். வடிவமும் பொருளும் ஒத்திருப்பது ஆராய்ச்சியைத் தொடங்கப் போதும், முடிக்கப் போதாது.

முதலில் ‘கேஷ்’. ஆங்கிலத்தில் இந்த எழுத்துக்கோவையில் இரண்டு சொற்கள் உள்ளன. கிழக்கு நாடுகளில் வழங்கிய சிறு நாணயத்தைக் குறிப்பது நம் ‘காசு’ போர்ச்சுக்கீசியர் வாய்வழியாகச் சென்றடைந்த வடிவம். கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் வழக்கமான ‘கேஷ்’, பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழியாக லத்தீனின் ‘கப்சா’விலிருந்து வந்தது. நம் சொல் அங்கே சென்றது உண்மை. ஆனால் எல்லோரும் சுட்டிக்காட்டும் சொல் அது அன்று.

உறவைக் காட்டுவது ஒப்புமை அன்று, ஒழுங்கான வேறுபாடு. தமிழின் பத்து, பால், புலி, பல் ஆகியவை கன்னடத்தில் ஹத்து, ஹாலு, ஹுலி, ஹல்லு. பழங்கன்னடத்தில் பகரமாக இருந்த ஒலி பிற்காலத்தில் ஹகரமாயிற்று; அந்த மாற்றம் ஒரு சொல்லோடு நிற்காமல் வரிசை வரிசையாகத் தொடர்கிறது. பர்ரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதி இத்தகைய ஒழுங்குகளின் மீதுதான் நிற்கிறது. தமிழ் ‘நீ’ வேற்றுமை ஏற்கும்போது நின், உன் என்று மாறுகிறது. கன்னடத்தில் அதற்கு ஈடாக ‘நின்ன’ இருக்கிறது. சீனத்தில் சொல் அப்படி உருமாறும் வழக்கமே இல்லை. ‘மா’ என்பதும் அங்கே ஒரு குறிப்பிட்ட தொனியில் ஒலித்தால் மட்டுமே குதிரை. தொனி மாறினால் வேறு சொல்.

ஆஸ்திரேலியாவின் ம்பாபரம் என்ற பழங்குடி மொழியைப் பதிவு செய்த மொழியியலாளர் டிக்சன், அம்மொழியில் நாய்க்குரிய சொல் ‘டாக்’ என்றே ஒலிப்பதைக் கண்டார். ஆங்கிலத்திலிருந்து பெற்ற கடன் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். பக்கத்து மொழிகளோடு ஒப்பிட்டபோது, ‘குடக’ என்னும் பழைய வடிவம் முன்னொலி உதிர்ந்தும் உயிர் திரிந்தும் அந்த நிலையை அடைந்தது தெளிவாயிற்று. மொழிகள் கையாளும் ஒலிகள் சில, சொற்களோ பல்லாயிரம். அதனால் ஓரசைச் சொற்களில் இத்தகைய ஒற்றுமை நிகழாமலிருந்தால்தான் வியப்பு.

குழந்தை வாய்ச் சொற்களைத் தனியாக வையுங்கள். ‘மாமா’ நமக்குத் தாயின் உடன்பிறந்தான், ரஷ்யருக்குத் தாய், ஜார்ஜிய மொழியினருக்குத் தந்தை. உதடு சேர்ந்து பிரிந்தாலே பிறக்கும் ஒலி அது என்பதால், குழந்தைகள் அதை எங்கும் முதலில் சொல்கிறார்கள். அருகிலிருக்கும் பெரியவர்களுள் யாருக்கு அதைப் பெயராக்குவது என்பதை அந்தந்தச் சமூகம் தீர்மானிக்கிறது.

கேட்டவர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ‘சுரம்’ பக்கத்தை எண்ணிட்ட மூன்று தலைச்சொற்களாகப் பிரித்துவிட்டேன். நேற்றிரவு ‘பாவம்’ பக்கத்தையும் திருத்தினேன்: ‘ஐயோ பாவம்’ என்ற இரக்கக் குறிப்பை முன்பு மூன்றாவது சொல்லாக எழுதியிருந்தேன், இப்போது தீவினையைக் குறிக்கும் சொல்லின் பொருள் நீட்சியாக அதனடியில் சேர்த்திருக்கிறேன். ‘கல்’ பக்கத்தில் இந்திச் சொல்லுக்கு, விடியலைக் குறிக்கும் ‘கல்ய’ என்னும் வடசொல்லை மூலமாகக் காட்டியுள்ளேன். துருக்கியச் சொல்லுக்கும் நம் சொல்லுக்கும் இடையே நான் வரைந்திருந்த கோட்டை எடுத்துவிட்டேன்.